ஞாயிற்றுக்கிழமை மிராசுதார்

சென்னையில் நாலு பேர் கொண்ட குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர என்ன செலவாகும் என்று யார் கணக்குப் போட்டாலும், கடைசியில் 'வீட்டிலேயே இருந்திருக்கலாம்' என்றுதான் விடை வரும். வண்டலூர் மிருகக்காட்சிசாலை என்றால் நுழைவுச் சீட்டு, பேட்டரி வண்டி, உள்ளே ஐஸ்கிரீம், வெளியே வந்ததும் பெண்ணுக்குத் தலைவலி, பையனுக்குப் பரோட்டா. மகாபலிபுரம் என்றால் இதோடு சுங்கச்சாவடியும் சங்குமாலையும் சேரும். மாலுக்குப் போய்ச் சும்மா சுற்றலாம் என்பார்கள். வண்டி நிறுத்தக் காசு கட்டிவிட்டுச் சும்மா சுற்றுவதற்கு ஒரு மனவலிமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

காலணா செலவில்லாமல், ஏசி வேனில் ஏற்றி, பொங்கல் வடை கொடுத்து, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் அழைத்துப் போய், ஏரி, பனந்தோப்பு, வயல்வெளி எல்லாம் காட்டி, மத்தியானம் சாப்பாடும் போட்டு, ஏறின இடத்திலேயே இறக்கி விடுகிற ஏற்பாடு இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். மனை விற்பவர்கள் நடத்தும் 'ஃப்ரீ சைட் விசிட்'. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று மூன்று மாவட்டங்களின் இயற்கை அழகையும் எங்கள் குடும்பம் கண்டு களித்தது இப்படித்தான்.

வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். முதலில் இருந்தது. அப்புறம் வடை நன்றாக இருந்தது.

எங்கள் தரப்பு நியாயத்தையும் கேளுங்கள். நாங்கள் வாங்குகிற எண்ணத்தோடுதான் கிளம்பினோம். குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில், வாடகைக்கு. லேக் வியூ ரோடு நடக்கிற தூரம். அந்த ரோட்டில் நின்று எந்தத் திசையில் எட்டிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. லாங் டேங்க் என்று ஒரு நீண்ட ஏரி இருந்ததாம். 1920-களில் அதைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பத் தொடங்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. ஆகவே ஏரியை மனையாக்கும் தொழிலில் சென்னைக்கு நூறு வருட அனுபவம் உண்டு. நான் மட்டும் இன்னும் ஒரு கிரவுண்டில் கால் பங்குகூட வாங்கவில்லை.

ஒருநாள் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்து, வழக்கத்துக்கு மாறாகக் காபி வேண்டாம் என்றார். "பில்டிங்க ரீடெவலப்மென்ட்டுக்குக் கொடுக்கறதா பேச்சு நடக்கறது. பாத்து வெச்சுக்கோங்கோ" என்றார். ஆறு ஃப்ளாட் உள்ள கட்டடம். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று 2022-ல் சட்டம் போட்டார்கள். 2024-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. அந்த மூன்றில் இரண்டில் வாடகைக்காரனுக்கு ஒரு பின்னமும் கிடையாது. எங்கள் கட்டடம் இன்னும் நிற்பதற்கு ஒரே காரணம், ஓனர்களுக்குள் மொட்டைமாடி யாருக்கு என்று முடிவாகாததுதான். அந்தச் சண்டை நீடூழி வாழ்க என்று நான் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

சரி, சொந்தமாக வாங்கிவிடலாம் என்று வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். "சார், உங்க ஏஜ்?" என்றாள். நாற்பத்தெட்டு என்றேன். ஐசியூ வாசலில் நிற்பவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "ரிடயர்மென்ட்டுக்குப் பன்னண்டு வருஷம்தான் சார் இருக்கு." ஐம்பது லட்சத்தை எட்டரை சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதம் நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம், அதையே 12 வருடத்தில் கட்டுவதென்றால் ஐம்பத்தைந்தாயிரத்து ஐநூறு. எனக்குக் கைக்கு வருகிற சம்பளத்தைச் சொன்னேன். அவள் கால்குலேட்டரை மெதுவாக மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டாள்.

வட்டி அங்கேயே நிற்குமா என்றால் அதுவும் இல்லை. 2022 மே மாத ஆரம்பத்தில் நாலு சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆனது. வங்கிகள் தவணையை ஏற்றாமல் வருடத்தை ஏற்றின. என் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்கு இப்படி நீண்டுபோன தன் வீட்டுக் கடனையே பரிசாகக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் போக, மனைக்கு முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம். இந்த ஒன்பதுக்கும் வங்கி கடன் தராது, கையிலிருந்து எண்ணி வைக்க வேண்டும். 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நாலாக ஏற்றினார்கள். 2023-ல் கட்டணத்தை இரண்டாகக் குறைத்து, மதிப்பைப் பழையபடி ஏற்றினார்கள். இரண்டு தடவையும் எனக்கு லாபம் என்றே பேப்பரில் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

நகரத்துக்குள் ஃப்ளாட் பார்த்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அது உல்லாசப் பயணத்தில் சேராது, வடையும் கிடையாது. 1,050 சதுர அடி என்பார்கள். உள்ளே போய் டேப் வைத்தால் எழுநூறு தேறும். மிச்சம் எங்கே என்றால் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா, சுவரின் கனம் என்று வெளியே கையைக் காட்டுவார்கள். சுவருக்குள் எனக்கு இருக்கும் சதுர அடியை நான் எப்படி அனுபவிப்பது என்று கேட்டேன். ஆணி அடிக்கலாம் என்றார்கள். சுவர்களுக்கு நடுவே உள்ள கார்ப்பெட் ஏரியாவைத்தான் சொல்ல வேண்டும் என்று, வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்த 2016-ல் வந்த ரெரா சட்டம் சொல்கிறது. கேட்டால் சொல்கிறார்கள், கேட்கிறவரைக்கும் மற்றதைச் சொல்கிறார்கள். மாதிரி ஃப்ளாட்டில் படுக்கையறை தாராளமாக இருந்தது. அறைக்குக் கதவில்லை. கதவு இருந்தால் அறை சின்னதாகத் தெரியும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். கட்டிலில் படுத்துப் பார்த்தேன். நான் ஐந்தே கால் அடி. என் பாதமே வெளியே தொங்கியது.

இப்படியாகத்தான் வேனில் ஏறினோம்.

சைட் விசிட்டுக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட வேண்டும். கையில் ஒரு ஃபைல் இருக்க வேண்டும். என் ஃபைலில் இருப்பது பையனின் தடுப்பூசி அட்டையும் கேஸ் இணைப்பு ரசீதும். வேனில் ஏறியதும் டை கட்டிய பையன் ஒருவன் வந்து, "சார், பட்ஜெட் எவ்ளோ வெச்சிருக்கீங்க?" என்பான். நிஜமான பணக்காரர்கள் தொகை சொல்வதில்லை. "மொதல்ல எடம் பிடிக்கட்டும், பாத்துக்கலாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். உடனே அவன் மைக்கில், "நம்ம இன்வெஸ்டர் சார் கரெக்ட்டா சொன்னாரு!" என்பான். என்னை இன்வெஸ்டர் என்று இந்த உலகம் அழைத்ததெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். திங்கட்கிழமை காலையில் மேலதிகாரி என்னை வேறு பெயர்களில் அழைப்பார்.

சைட்டில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வண்ணக் கொடிகள், மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள், சரளை கொட்டிய ரோடு. ஒரு வளைவு. அந்த வளைவுக்கு முன்னும் பின்னும் சுவர் கிடையாது. இருந்தாலும் எல்லோரும் அதன் வழியாகவே மரியாதையாக உள்ளே போவோம். யாராவது டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் பட்டாசு வெடித்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுப்பார்கள். பட்டாசுச் சத்தம் கேட்டதும் கூட்டத்தில் ஒரு பதற்றம் பரவும். என் மனைவி என் சட்டைப்பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அதில் நூற்றிருபது ரூபாய்தான் இருக்கும், பழக்கதோஷம்.

தூரம் சொல்வதில் இவர்களுக்கென்று ஒரு பௌதிகம் உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். அன்று முதல் திண்டிவனம்வரை உள்ள எல்லா மனைகளும் கிளாம்பாக்கத்திலிருந்து பத்தே நிமிடம். காஞ்சிபுரம் பக்கம் போனால் பரந்தூர் விமான நிலையம். 2022-ல் அறிவித்தது. ஏகனாபுரத்துக்காரர்கள் தங்கள் நிலத்தைத் தர மாட்டோம் என்று அப்போதிருந்து போராடுகிறார்கள். விமானம் இறங்க இடம் இன்னும் முழுசாக முடிவாகவில்லை. அதைச் சுற்றி மனை போட்டு விற்றாகிவிட்டது. "ஏர்போர்ட்டுக்கு அஞ்சு நிமிஷம் சார்" என்றான் பையன். "எதுல?" என்று கேட்டாள் என் மகள். "ஃப்ளைட்ல வந்தா" என்று அவன் சொல்லவில்லை. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பத்தாவது படிக்கிற பெண்ணை இந்த மாதிரி இடங்களுக்கு அழைத்துப் போகக் கூடாது. அவர்களுக்கு இயற்பியல் நடத்தியிருப்பார்கள்.

எங்கள் உல்லாசப் பயணங்களின் பொற்காலம் என் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது. மதுராந்தகம் பக்கம் விவசாயம் பார்த்தவர். செங்கல்பட்டை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். அவருக்கு ஒவ்வொரு ஏரியும் சொந்தக்காரர் வீடு. "சும்மாதானே இருக்கேன், நானும் வரேன் மாப்ளே" என்று ஏறிக்கொண்டார். வேனில் கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, முந்திரி குறைச்சல் என்று ஒரு கருத்தையும் பதிவு செய்தார்.

சித்திரை வெயில். வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு சைட். எல்லோரும் ஷாமியானாவுக்குள் ஓடினோம். அவர் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சரளை ரோட்டிலிருந்து கீழே இறங்கி நடந்தார். குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார். தண்டை விரலில் உருட்டிப் பார்த்தார். அது உருளவில்லை, முக்கோணமாக இருந்தது. "கோரை" என்றார். டை கட்டிய பையன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான்.

"ஐயா, அதெல்லாம் ஜேசிபி விட்டு க்ளீன் பண்ணிருவோம்."

"புல்ல எடுத்துருவ தம்பி. மண்ணுல இருக்கிற கெழங்க என்ன பண்ணுவ?"

கொஞ்ச தூரத்தில் ஒரு மடையான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பையன் அதையும் விற்கப் பார்த்தான். "பாருங்க ஐயா, பறவையெல்லாம் வருது. நேச்சுரல் என்விரான்மென்ட்."

"மடையான் நேச்சுரலுக்கு வரல தம்பி, மீனுக்கு வருது."

"இந்த வெயில்ல மீனு எங்கய்யா இருக்கு?"

"அதுக்குத்தான் நின்னு பாக்குது. ஐப்பசியில எது எங்க இருக்கும்னு அதுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல."

பிறகு மாமனார் கண்ணுக்கு மேல் கையை வைத்து நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "கலங்கல் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம் கலங்கல். அங்கிருந்து கிளம்புகிற தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்தப் பக்கத்து ஏரிகளெல்லாம் சங்கிலியாகக் கோத்தவை. நடுவில் எவன் வீடு கட்டியிருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். காலிங் பெல் அடிக்காது. பையன் கையிலிருந்த லேஅவுட் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தான். நீச்சல்குளம் இருந்தது, யோகா மேடை இருந்தது, சிறுவர் பூங்கா இருந்தது. கலங்கல் இல்லை. தயங்காமல் சொன்னான்: "அது ஃபேஸ் டூல வருது ஐயா."

மாமனார் அன்றைக்குச் சிரித்த மாதிரி என் கல்யாணத்தில்கூடச் சிரித்ததில்லை.

அதிலிருந்து எங்கள் பயணத்தின் நோக்கமே மாறிவிட்டது. என் மனைவிக்குப் பிறந்த வீட்டு ஞானம் பொங்கி எழுந்தது. வேனை விட்டு இறங்கியதும் மனை எண்ணைப் பார்ப்பதில்லை. மரத்தையும் பறவையையும் பார்க்கிறாள். உண்ணிக்கொக்கு இருந்தால் பரவாயில்லை, அது மாட்டுக்குப் பின்னால் வருவது. மடையான் இருந்தால் யோசிக்க வேண்டும். நாமக்கோழி, முக்குளிப்பான் வகையறாவைக் கண்டால், "சாப்பாடு போட்டாச்சுன்னா கெளம்பலாங்க" என்று காதில் சொல்வாள். என் பையன் ஒரு நோட்டுப் போட்டு, இடது பக்கம் பறவை, வலது பக்கம் சதுர அடி விலை என்று எழுதி வைக்கிறான். பறவை கூடக் கூட விலை குறைகிறது என்பது அவன் கண்டுபிடிப்பு.

இன்னொரு சோதனை டீக்கடை. சைட்டுக்குப் பக்கத்தில் எந்த டீக்கடையிலாவது, "2015 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் போதும். கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார். கையைச் சுவரில் வைத்துக் காட்டுவார். முடிச்சூர் பக்கம் ஒருவர் காட்டுவதற்கு ஸ்டூல் போட்டு ஏறினார். அதே தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி கொடுத்து அப்படியே மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் வரிசையாக இரும்பு ஜாக்கிகள். மேலே முழு வீடு. வாசலில் செம்பருத்தித் தொட்டி மட்டும் தரையிலேயே நின்றது. அந்த வீட்டம்மா ஏணி வழியாக இறங்கி வந்து கீரை வாங்கிக்கொண்டு மேலே போனார். 2015-க்குப் பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பட்டாகிவிட்டதாம். எங்களைக் கூட்டிப்போன தரகர், பக்கத்துச் சுவரில் மார்பளவு உயரத்தில் ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டி, "டூ டோன் பெயின்ட் சார், இப்ப இதான் ஃபேஷன்" என்றார். அந்த மனிதரை நான் மனதார மெச்சுகிறேன். எனக்கு இந்தச் சமயோசிதம் இருந்திருந்தால் என்றோ வீடு வாங்கியிருப்பேன், அல்லது விற்றிருப்பேன்.

பள்ளிக்கரணைக்கு நாங்கள் வேனில் போகவில்லை. பையனின் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காகச் சொந்தச் செலவில் போனோம். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்புநிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஓரமாக வண்டியை நிறுத்தினால், ஒரு பக்கம் பூநாரைகள், கூழைக்கடாக்கள், நீலத்தாழைக்கோழிகள். இன்னொரு பக்கம் வானத்தைத் தொடும் கண்ணாடிக் கட்டடங்கள். தூரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு அது. நகரம் தின்றது போக மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேரை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ஈரநிலங்களைக் காக்க 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரத்தில் போட்ட ஒப்பந்தத்தின் பட்டியல் அது. ப்ராஜெக்டில் எழுத வேண்டும் என்று பையன் என்னை மனப்பாடம் செய்ய வைத்தான். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், கள ஆய்வு முடியும்வரை புதிதாகக் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் அனுமதிக்காகக் காத்திருந்தவர்கள் வயிற்றில் நெருப்பு. ஆயுசுக்கும் சேர்த்ததை முன்பணமாகக் கொடுத்தவனை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லைக்கல் எங்கே என்பதை அளந்துவிட்டு அனுமதி கொடுப்பதா, அனுமதி கொடுத்துவிட்டு அளப்பதா என்பது தோசை வார்க்கிற என் மனைவிக்கே தெரிந்த விஷயம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வருடக்கணக்கில் தெரியவில்லை.

பூநாரையைப் பார்த்து என் மகள் கேட்டாள்: "இதுங்கள்லாம் அட்வான்ஸ் எவ்ளோப்பா குடுக்குது?" ஒரு ரூபாய்கூட இல்லை, சீசன் முடிந்தால் தானே காலி செய்துவிடும் என்றேன். நமக்குப் பத்து மாத அட்வான்ஸ். மூன்று மாதம்தான் என்று புது வாடகைச் சட்டம் 2019-லிருந்து சொல்கிறது. 'இருதரப்பும் ஒப்புக்கொண்டாலொழிய' என்ற வாசகத்தோடு சொல்கிறது. எங்கள் ஹவுஸ் ஓனர் ஒரு தரப்பு. வாடகைக்கு வீடு கிடைக்காத பயம் இன்னொரு தரப்பு. இரண்டும் ஒப்புக்கொண்டன.

வண்டலூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். அந்த மிருகக்காட்சிசாலை 1855-ல் தொடங்கியது. நெடுங்காலம் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பார்க் டவுனில் இருந்தது. இடம் போதாமல் 1985-ல் வண்டலூருக்குக் குடிபோனது. இப்போது 602 ஹெக்டேர். சிங்கமே சிட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் புறநகருக்குப் போய்விட்டது. என் அப்பா மட்டும் மாம்பலத்தைவிட்டு நகர மாட்டேன் என்று வாடகை கட்டிக்கொண்டிருந்தார். "உங்கப்பா அன்னிக்கே சிங்கத்து பின்னாடி போயிருக்கணும்" என்று அவள் கூண்டுக்கு முன்னால் நின்று சொல்லும்போதெல்லாம் சிங்கம் கொட்டாவி விடும். அதற்கென்ன, எனக்கு இல்லாத யூடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிபடாத பங்கு, அதற்கு இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது டை கட்டிய பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்று ஒரு புக்கிங்கும் இல்லை. டையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்தான். ஊர் விழுப்புரம் பக்கமாம். தாம்பரத்தில் ஓர் அறையில் ஐந்து பேராக இருக்கிறார்களாம். "நீ ஒரு மனை வாங்கலியாப்பா?" என்றேன். "எங்கள்ல ஒருத்தன் வாங்கிருந்தாக்கூட இந்த வேலைக்கு எதுக்கு சார் வரப்போறான்?" என்றான். புக்கிங் ஆனால்தான் இன்சென்டிவ். எங்களை அவனுக்கு எப்போதோ அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "பரவால்ல சார், சீட்டு காலியாப் போனா மேனேஜர் திட்டுவாரு. நீங்க வாங்க. ஐயாவையும் கூட்டிட்டு வாங்க. அவரு வந்தா நான் நெறைய கத்துக்கறேன்." அன்று மிச்சமிருந்த வடைப் பொட்டலத்தை அவன் கொடுத்தபோது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இருந்தாலும் இரண்டு சாப்பிட்டேன்.

வேன் சவாரி ஒரு பக்கம் இருக்க, பத்திரம் படிப்பது என் மனைவியின் பொழுதுபோக்காகிவிட்டது. மெகா சீரியலை நிறுத்திவிட்டாள். யாராவது தாய்ப்பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் கொடுத்துவிட்டால் போதும், ராத்திரி பத்து மணிவரை ஒரே வாசிப்பு. "ஏங்க, பாகப்பிரிவினை பண்றாரே இந்தப் பெரியவரு, அவருக்கு ரெண்டாம் தாரத்துல ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுக்கப்புறம் அவளக் காணவே காணோமே?" என்பாள். நான் தூக்கத்தில், செத்துப்போயிருப்பாள் என்பேன். "அப்ப வாரிசுச் சான்று எங்க? 89-லயே தமிழ்நாட்டுல பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் வந்தாச்சு. அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?" முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி நடுராத்திரியில் நாங்கள் இருவரும் கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். மறுநாள் தரகரைப் போனில் பிடித்து அவள் கேட்கிற கேள்விக்கு அவர், "மேடம், நீங்க லாயரா?" என்பார். "இல்ல, வாடகைக்கு இருக்கோம்" என்பாள்.

அ-பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. நிலம் புஞ்சையா, நஞ்சையா, மேய்க்காலா, ஏரிப் புறம்போக்கா, வண்டிப்பாதையா என்று அதில் எழுதியிருக்கும். பட்டா, புலப்படம், இந்தப் பதிவேடு மூன்றையும் அரசாங்க இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று எவனாவது சொன்னால் அது அப்ரூவலே இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கட்டும். நகரமைப்பு அனுமதி தருகிற சிஎம்டிஏ அல்லது டிடிசிபி எண் வேண்டும், ரெரா எண் வேண்டும். "வந்துட்டே இருக்கு சார்" என்றால், அது வந்த பிறகு நாமும் வரலாம். இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, தெருவில் நாலு பேருக்கு ஆலோசனை வேறு சொல்கிறேன். மூன்றாவது வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்டு ஒரு மனையைத் தட்டிக்கழித்தார். வேறொரு நல்ல மனையை வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் அழைத்தார். வடை அங்கேயும் நன்றாகத்தான் இருந்தது.

மனை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேன்காரர்கள் சித்திரை, வைகாசியில் தினம் போன் போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு ஓர் அழைப்பும் வந்ததில்லை. அடுத்த தடவை யாராவது கூப்பிட்டால், "இப்ப வேலை இருக்கு, கார்த்திகையில அடைமழை பெய்யறப்ப ஒரு நாள் வரேன், சைட்டுக்குள்ள கொஞ்சம் நடக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். வாருங்கள் என்று சொல்கிறவரிடம் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.